இரவின் உழைப்பும் காலை ஆகாரமும்

உலகத்து ஜனங்கள் காலையில் எதை உண்கிறார்கள் என்று ஆராயப் புகுந்தவர்கள், பெரும்பாலும், தேசந்தோறும் தட்டில் வைக்கப்படும் பண்டங்களை வரிசையாக எண்ணிச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். ஜப்பானியர் வெண்சோற்றோடு மிஸோ சூப்பும் சுட்ட மீனும் ஊறுகாயும் உண்கிறார்கள். எகிப்தியர் குழைய வெந்த அவரை விதையை ரொட்டியால் தொட்டு உண்கிறார்கள். மெக்ஸிகோ நாட்டார் மக்காச்சோள ரொட்டித் துண்டுகளை மிளகாய்ச் சாற்றில் பிரட்டி உண்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் வெண்ணெய் தடவிய ரொட்டியைக் காப்பியோடு உண்கிறார்கள். இவ்வகைப் பட்டியல் படிப்பதற்கு இன்பமானதே. ஆயினும், இன்ன தேசத்தார் இன்னதை உண்பது ஏன் என்னும் வினாவுக்கு அது விடை தருவதில்லை. விளையும் தானியமும் சீதோஷ்ண நிலையும் சமய ஆசாரமுமே காரணம் என்று பொதுவாகக் கூறுவர். அக்கூற்றில் உண்மை உண்டென்றாலும், அக்காரணங்கள் மத்தியான போஜனத்துக்கும் இரவு உணவுக்கும் அதே அளவில் பொருந்துவனவாதலின், காலை ஆகாரத்துக்கென்றே உரிய இயல்பை அவற்றால் மட்டும் விளக்கிவிட இயலாது.

அவ்வியல்பு யாது? ஏனைய வேளைகளின் உணவுக்கு முன்னால் ஒரு பகற்பொழுது இருக்கிறது. அடுப்பை மூட்டவும், அரைக்கவும், நறுக்கவும், வேகவைக்கவும் அவகாசம் உண்டு. காலை உணவுக்கு முன்னால் இருப்பதோ இரவு. எழுந்தவுடன் வயலுக்கோ ஆலைக்கோ பள்ளிக்கோ புறப்பட வேண்டிய மனிதனுக்கு, அவன் உறங்கிய நேரத்தில் ஏதேனும் ஒன்றோ யாரேனும் ஒருவரோ வேலை செய்திருந்தாலன்றி, உண்பதற்கு ஒன்றும் இராது. ஆகவே, ஒரு தேசத்தின் காலை ஆகாரத்தை அறிய வேண்டுமானால், அத்தேசத்தார் தம் இரவை எவ்வாறு பயன்படுத்தினர் என்பதை முதலில் அறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அணையாத தணல், நீரிலும் மாவிலும் நிகழும் மாறுதல்கள், விழித்திருந்து பாடுபடும் மனிதர்கள் என்னும் இம்மூன்றும் நெடுங்காலமாக உலகத்தின் காலை உணவைப் படைத்து வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவற்றோடு யந்திரசாலையும் வந்து சேர்ந்தது.

காலை உணவுக்கும் உழைப்புக்கும் உள்ள தொடர்பு மிகப் பழமையானது. இடைக்கால ஐரோப்பாவில் காலையில் உண்பது எல்லோர்க்கும் உரிய கௌரவமான வழக்கமாக இருக்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் அக்வினாஸ் என்னும் கிறிஸ்தவ தத்துவ ஞானி, பெருந்தீனி என்னும் பாவத்தின் வகைகளை எண்ணுகையில், உரிய வேளைக்கு முந்தி உண்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். குழந்தைகளும் நோயாளிகளும் முதியோரும் உடலால் உழைப்போரும் காலையில் உண்பதைச் சமூகம் பொறுத்துக்கொண்டது. செல்வர்கள் அதைச் சற்றே தாழ்வாக எண்ணினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் காப்பி, தேநீர், சாக்லேட் ஆகிய பானங்கள் அக்கண்டத்துக்கு வந்து பரவிய பின்னரே, காலை வேளை மேன்மக்களின் வீடுகளிலும் மதிப்புடைய உணவு வேளையாக நிலைபெறத் தொடங்கிற்று. ஆகவே அங்கே உழைப்பாளியின் தேவையாக இருந்ததுதான் பிற்பாடு எல்லோருடைய வழக்கமுமாயிற்று.

அணையாத தணல்

முதலில் தணலை எடுத்துக்கொள்வோம். எகிப்து நாட்டில் செல்வரும் ஏழையரும் ஒருங்கே விரும்பும் காலை உணவு ஃபூல் மெதமஸ் என்பது. ஃபாவா என்னும் அகன்ற அவரையின் உலர்ந்த விதை எளிதில் வேகாதது. கொழுந்துவிட்டு எரியும் நெருப்பில் சிறிது நேரம் வைத்தால் மேல்தோல் வெடிக்குமேயன்றி உள்ளே குழையாது. அதனால் அதைக் கழுத்துக் குறுகிய பெரும் குடத்தில் நீரோடு இட்டு, சிறு தணலில் இரவு முழுவதும் வைக்கும் முறை ஏற்பட்டது. கெய்ரோ நகரத்தில் பொது ஸ்நான சாலைகளின் வெந்நீருக்காக எரிந்த அடுப்புகளின் சாம்பலில் இக்குடங்கள் புதைத்து வைக்கப்பட்டன. குளிப்பதற்காக மூட்டிய நெருப்பின் மிச்ச வெப்பமே நகரத்தின் காலைப் பசியைத் தீர்த்தது. விடிந்ததும் விதையை எடுத்து மசித்து, எண்ணெயும் சீரகமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கோதுமை ரொட்டியோடு கொடுப்பார்கள். ரமலான் நோன்பு நாட்களில் விடியுமுன் உண்ணும் ஸஹர் வேளையிலும் இவ்வுணவுக்கு எகிப்தில் தனியிடம் உண்டு. பருப்பு வகையாதலின் மெல்லச் செரித்து, நீண்ட நேரம் பசியைத் தாங்கச் செய்கிறது.

எரிபொருளின் சிக்கனம் கெய்ரோவில் செய்ததைச் சமய விதி யூதர்களிடையே செய்தது. ஓய்வு நாளான சனிக்கிழமையில் நெருப்பு மூட்டலாகாது என்பது அவர்களுடைய வேதத்தின் கட்டளை. எனினும் அந்நாள் பட்டினி கிடப்பதற்குரிய நாளன்று. மகிழ்ந்து உண்பதற்குரிய நாள். ஆகவே வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன்பே அடுப்பில் ஏற்றி, இரவெல்லாம் மெல்லிய சூட்டில் இருக்கவிட்டு, மறுநாட் காலையில் எடுத்துண்ணும் உணவுகள் பல தோன்றின. யேமன் நாட்டு யூதர்கள் மாவை மெல்லியதாக விரித்துக் கொழுப்புத் தடவிச் சுருட்டி இவ்வாறு இரவு முழுவதும் வேகவைக்கும் ஜஹ்னூன் இவற்றுள் பெயர் பெற்றது. பல மணி நேரச் சூட்டில் அம்மாவு பழுப்பேறி இனிமை பெறுகிறது. உடன் வைத்த முட்டைகளும் அவ்வாறே நிறம் மாறுகின்றன. விலக்கு ஒன்று சுவையொன்றைப் பிறப்பித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

தில்லியிலும் லக்னோவிலும் இரவெல்லாம் கொதித்து விடியற்காலையில் விற்கப்படும் நிஹாரி என்னும் மாமிசக் குழம்பும், ஈரானியர் அதிகாலையில் கடைகளில் கூடி உண்ணும் ஆட்டுத்தலைக் கால் சூப்பும், வியட்நாமின் வட பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்ற ஃபோ என்னும் அரிசி நூடுல்ஸ் சூப்பும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. இவை மூன்றிலும் பயன்படுபவை எலும்பும் தசைநாரும் மலிவான இறைச்சிப் பகுதிகளும் ஆகும். விலையுயர்ந்த மென்மையான இறைச்சி சில நிமிஷங்களில் வெந்துவிடும். மலிந்த கடின இறைச்சிக்கோ காலமே விலை. பொருள் குறைந்தவர்களிடம் இரவுப் பொழுதேனும் இருந்தது. அதைச் செலவிட்டு அவர்கள் சாரத்தைப் பெற்றார்கள்.

நீரும் நுண்ணுயிரும்

நெருப்பும் வேண்டாமல் நீரும் காலமும் மட்டுமே செய்து முடிக்கும் காரியங்களும் உண்டு. நம் நாட்டுப் பழைய சோறு அவற்றுள் மிக எளியது. இரவு மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி மூடி வைத்தால், விடிவதற்குள் அதில் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகி, சோற்றைக் கெடாமற் காத்து, இலேசான புளிப்பையும் தருகின்றன. வங்காளத்தின் பாந்தா பாத், ஒடிசாவின் பக்காளா, அஸ்ஸாமின் பொய்த்தா பாத் ஆகியவை இதன் உடன்பிறப்புகள். நெல் விளையும் வெப்பமான தேசங்களில், விறகுச் செலவின்றியும் விடியுமுன் எழுந்து சமைக்கும் சிரமமின்றியும், உழவுக்குப் போகிறவனுக்கு உணவும் நீரும் உப்பும் ஒருங்கே கிடைக்கச் செய்த இவ்வேற்பாட்டை ஏழைமையின் அடையாளம் என்று மட்டும் கருதுவது நியாயமாகாது. அது அனுபவத்தால் முதிர்ந்த ஓர் அறிவு.

இட்லியும் இவ்வறிவின் வளர்ச்சியே. அரிசியையும் உளுந்தையும் தனித்தனியே ஊறவைத்து அரைத்துக் கலந்து இரவில் வைத்தால், லூகோநாஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள் கரியமில வாயுவை வெளிவிட்டு மாவைப் பொங்கச் செய்கின்றன. உளுந்திலுள்ள பசைத் தன்மை அவ்வாயுவை வெளியே போகவிடாமல் பிடித்துக்கொள்கிறது. கோதுமையிலுள்ள குளுட்டென் ரொட்டிக்குச் செய்யும் உதவியை, அது சிறிதும் இல்லாத அரிசிக்கு உளுந்து செய்கிறது. எத்தியோப்பியாவில் டெஃப் என்னும் சிறு தானியத்தின் மாவை இரண்டு மூன்று நாட்கள் புளிக்கவைத்து இஞ்செரா என்னும் பெரிய மெல்லிய தோசை வார்ப்பார்கள். முந்தின நாள் மிஞ்சிய இஞ்செராவைப் பிய்த்து, வெண்ணெயும் காரப்பொடியும் கூட்டிக் கிளறிய ஃபிர்ஃபிர் அங்கே வழக்கமான காலை உணவு. ஜப்பானியர் உண்ணும் நாட்டோ, வேகவைத்த சோயா மொச்சையில் ஒருவகைப் பாக்டீரியா ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் வேலை செய்வதால் உண்டாகிறது. மிஸோவுக்கோ மாதக்கணக்கான காலம் வேண்டும். சீனத்தில் எண்ணெயில் பொரித்த யூத்தியாவ் என்னும் மாவுப்பண்டத்தோடு பருகும் சோயாப் பாலும், விதையை இரவெல்லாம் ஊறவைத்து, விடியுமுன் அரைத்து வடிகட்டிக் கொதிக்கவைப்பதால் கிடைப்பதே.

ஊறவைத்தலின் அருமையை உலகம் கடுந்துன்பத்தின் வாயிலாக அறிந்துகொண்ட சரித்திரம் ஒன்று உண்டு. மெக்ஸிகோவிலும் அதனை அடுத்த மத்திய அமெரிக்க நாடுகளிலும், மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் கொதிக்கவைத்து, அந்நீரிலேயே இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் கழுவித் தோல் நீக்கி அரைத்து, டார்ட்டில்லா என்னும் ரொட்டி தட்டுவது தொன்றுதொட்டு வந்த வழக்கம். அவ்வாறு பக்குவப்படுத்திய சோளத்துக்கு நிஷ்டமால் என்று பெயர். கொலம்பஸுக்குப் பின் மக்காச்சோளம் ஐரோப்பாவுக்குச் சென்றது. சுண்ணாம்பு நீரில் ஊறவைக்கும் முறை உடன் செல்லவில்லை. சோளத்திலுள்ள நயாஸின் என்னும் சத்து வேறு பொருள்களோடு பிணைந்து கிடப்பது. சுண்ணாம்பே அதை விடுவித்து உடலுக்கு உதவச் செய்கிறது. இதை அறியாது சோளத்தையே நம்பி வாழ்ந்த ஸ்பெயின், வட இத்தாலி முதலிய பகுதிகளின் ஏழை விவசாயிகளைப் பெலக்ரா என்னும் நோய் பற்றிற்று. தோல் வெடித்து, வயிறு கெட்டு, சித்தம் கலங்கி மாயச்செய்யும் அந்நோயை 1735இல் காஸ்பார் கஸால் என்னும் ஸ்பானிய வைத்தியர் முதன்முதலாக விவரித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாகாணங்களிலும் அது பரவிற்று. தொற்றுநோய் என்று பலர் சாதித்தபோது, 1914 முதல் அதை ஆராய்ந்த ஜோசப் கோல்ட்பெர்கர், உணவின் குறைவே காரணம் என்று பரிசோதனைகளால் நிறுவினார். குறைந்திருந்த சத்து இன்னதென்பது 1937இல் கான்ராட் எல்வெஜெமின் ஆய்வினால் தெளிவாயிற்று. மெக்ஸிகோவின் பெண்கள் எழுத்தறியாமலே இரவுதோறும் செய்துவந்த காரியத்தின் பொருள் விஞ்ஞானத்துக்கு விளங்க இருநூறு வருஷம் சென்றது.

விழித்திருந்த மனிதர்கள்

தணலும் நுண்ணுயிரும் கூலி கேட்பதில்லை; மனிதர்களின் நிலை வேறு. மேற்கூறிய நிஷ்டமாலை, நம் அம்மியைப் போன்றதும் மூன்று கால்களை உடையதுமான மெட்டாட்டே என்னும் கல்லில் மண்டியிட்டு அரைத்தவர்கள் பெண்கள். குடும்பத்துக்கு வேண்டிய மாவுக்காக அவர்கள் விடியுமுன் எழுந்து நாள்தோறும் பல மணி நேரம் அரைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் கிராமந்தோறும் நிஷ்டமால் அரைக்கும் யந்திர ஆலைகள் வந்த பின்னரே அப்பாரம் குறைந்தது. தமிழ்நாட்டிலும் இதே கதைதான்: இட்லி விசேஷ நாளின் பலகாரம் என்ற நிலையிலிருந்து அன்றாட உணவாக மாறுவதற்கு, 1950களில் கோயம்புத்தூரில் உருவாகிப் பின் வீடுதோறும் பரவிய மின்சாரக் கிரைண்டர் பெருந்துணை செய்தது, அதற்கு முன் ஆட்டுக்கல்லில் சுழன்ற கைகளின் களைப்பை அவ்வுணவின் புகழைப் பாடுவோர் நினைப்பதில்லை. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் முட்டையும் பன்றியிறைச்சியும் சிறுநீரகமும் மீனுமாக நிரம்பியிருந்த செல்வர்களின் காலை மேஜைக்குப் பின்னாலும், எல்லோருக்கும் முன் எழுந்து குளிர்ந்த அடுப்பைச் சுத்தம் செய்து தீ மூட்டிய வேலைக்காரச் சிறுமி ஒருத்தி இருந்தாள். காலையிலேயே புதிதாகச் சமைக்கப்படும் உணவு இரவின் உழைப்பிலிருந்து விடுபட்டதாகத் தோன்றினும், வேறொருவரின் தூக்கத்தை விலையாகக் கொண்டே அது கிடைக்கிறது.

இவ்வுண்மை வெளிப்படையாக அரசியல் விவகாரமாக மாறியது ரொட்டியின் விஷயத்தில்தான். காலையில் சூடான ரொட்டி வேண்டுமென்று ஐரோப்பிய நகரங்கள் விரும்பின. அவ்விருப்பத்தை நிறைவேற்ற ரொட்டித் தொழிலாளர்கள் இரவெல்லாம் மாவு பிசைந்தார்கள். 1862இல் டிரெமன்ஹியர் என்பவர் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்காக விசாரித்து வெளியிட்ட அறிக்கை, லண்டன் தொழிலாளியின் வேலை பொதுவாக இரவு பதினொரு மணிக்குத் தொடங்குவதையும், காற்றோட்டமில்லாத நிலவறைகளில் அவர்கள் படும் அவதியையும் விவரித்தது. மறு வருஷமே, பதினெட்டு வயதுக்குட்பட்டோரை இரவில் இவ்வேலையில் ஈடுபடுத்தலாகாது என்று சட்டம் ஏற்பட்டது. 1871ஆம் வருஷம் பாரிஸ் நகரத்தைச் சில வாரங்களே ஆண்ட கம்யூன் என்னும் புரட்சி அரசாங்கம், தன் உயிருக்கே போராடிக்கொண்டிருந்த ஏப்ரல் மாதத்தில், ரொட்டிக் கடைகளின் இரவு வேலையை ஒழித்து ஆணை பிறப்பித்தது. அவ்வாணை கம்யூனோடு வீழ்ந்தது. எனினும் 1919இல் பிரெஞ்சு நாட்டுச் சட்டம் இரவு பத்து மணிக்கும் காலை நான்கு மணிக்கும் இடையே ரொட்டி செய்யும் வேலையைத் தடுத்தது. 1925இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் இப்பொருள் பற்றித் தனி உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றிற்று.

அமெரிக்காவில் இவ்விவகாரம் நீதிமன்றத்தை எட்டிற்று. ரொட்டித் தொழிலாளி நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும், வாரத்தில் அறுபது மணி நேரத்துக்கு மேலும் உழைக்கலாகாது என்று நியூயார்க் மாகாணம் 1895இல் சட்டம் இயற்றிற்று. 1905இல் லாக்னர் வழக்கில், ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரத்துக்கு அச்சட்டம் மாறானது என்று சொல்லி, ஒன்பது நீதிபதிகளுள் ஐவர் அதைத் தள்ளுபடி செய்தனர். அந்நாட்டு அரசியல் சட்ட சரித்திரத்தில் ஒரு தலைமுறைக் காலத்துக்கே அவ்வழக்கின் பெயர் வழங்கிற்று. காலை மேஜையில் இருக்கும் ஒரு துண்டு ரொட்டியின் பொருட்டு எத்தனை பேர் எவ்வளவு காலம் போராடினார்கள் என்பதைக் கருதும்போது, உணவின் சரித்திரம் அடுக்களைக்குள் அடங்குவதன்று என்பது புலனாகும்.

யந்திரசாலையின் வருகை

அடுப்பும் வேண்டாமல், ஊறவைக்கும் காலமும் வேண்டாமல், பெட்டியைத் திறந்தவுடன் உண்ணத்தக்க காலை உணவு அமெரிக்காவில் உருவாயிற்று. அது தோன்றிய இடம் வைத்திய நிலையங்கள். 1863இல் ஜேம்ஸ் கேலப் ஜாக்ஸன் என்னும் வைத்தியர், கோதுமை மாவைச் சுட்டுப் பொடித்துச் செய்த கிரானுலா என்னும் பண்டத்தைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்தார். கல்லைப்போல் கடினமான அதை முந்தின இரவே ஊறவைத்தாலன்றி உண்ண முடியாது. ஆகவே புதுமை பிறந்தபோதும் இரவின் பிடி தளரவில்லை. மிச்சிகன் மாகாணத்துப் பேட்டில் கிரீக் நகரத்தில், அட்வென்டிஸ்டு சபையாரின் சுகாதார நிலையத்தை நடத்திய ஜான் ஹார்வி கெல்லாக்கும் அவர் தம்பி வில் கீத் கெல்லாக்கும், 1894இல், வேகவைத்து நெடுநேரம் கிடந்த கோதுமையை உருளைகளுக்கிடையே செலுத்தியபோது ஒவ்வொரு மணியும் தனித்தனி இதழாகத் தட்டையாவதைக் கண்டார்கள். தம்பி 1906இல் மக்காச்சோள இதழ்களுக்கெனக் கம்பெனி தொடங்கினார். அதே நிலையத்தில் நோயாளியாகத் தங்கிச் சென்ற சி. டபிள்யூ. போஸ்ட் 1897இலேயே கிரேப் நட்ஸ் என்ற பண்டத்தை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தார். ஏறக்குறைய அதே காலத்தில் ஸூரிச் நகரத்து வைத்தியர் பிர்ச்சர் பென்னர், இரவு ஊறிய சிறிதளவு ஓட்ஸோடு துருவிய ஆப்பிளைக் கலந்து முஸ்லி என்னும் உணவை வகுத்தார்.

இவ்விரு முறைகளும் உடல்நலம் கருதியே பிறந்தவையாயினும் அவற்றின் கதி வேறுபட்டது. அமெரிக்கப் பண்டம் வர்த்தகத்தின் கையில் சேர்ந்து, விளம்பரத்தால் வளர்ந்து, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் சர்க்கரைப் பூச்சும் பெற்றுக் குழந்தைகளை நோக்கித் திரும்பிற்று. மாமிசத்தையும் காரசாரத்தையும் விலக்கி வாழச்சொன்ன வைத்தியர்களின் நோக்கத்துக்கு அது எவ்வளவு தூரம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இருந்தாலும் அதன் பெரும் பயன் ஒன்றை மறுக்கலாகாது. வீட்டுப் பெண்களின் விடியற்கால வேலையை அது உண்மையாகவே குறைத்தது. அவ்வேலை மறைந்துவிடவில்லை, ஆலைக்கு இடம் மாறிற்று. அதோடு, தானியத்தின் பக்குவத்தைத் தீர்மானிக்கும் அதிகாரமும் அடுக்களையை விட்டு ஆலைக்குச் சென்றது. சோளத்தை ஊறவைப்பதா கூடாதா, எவ்வளவு இனிப்புச் சேர்ப்பது என்னும் முடிவுகள் உண்பவரின் கையை விட்டு அகன்றன. பெலக்ராவின் சரித்திரத்தை அறிந்தவர்கள் இவ்வதிகார மாற்றத்தைச் சிறிய விஷயமாக எண்ணமாட்டார்கள்.

பொதுவான பொறுப்பு

இனி ஒரு வினா எஞ்சி நிற்கிறது: இரவில் வேலை செய்ய ஆளும் இல்லாமல், ஆலைப் பண்டம் வாங்கப் பொருளும் இல்லாமல், தாயும் தந்தையும் விடியுமுன்பே கூலிக்குப் போய்விடும் வீடுகளில் குழந்தைகள் காலையில் எதை உண்பார்கள்? பெரும்பாலும் ஒன்றும் உண்பதில்லை என்பதே இதற்கு நீண்ட காலமாக விடையாக இருந்தது. அமெரிக்காவில் 1966ஆம் வருஷத்துச் சட்டம் பள்ளிகளில் காலை உணவைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கிற்று. 1969 ஜனவரியில் ஓக்லண்ட் நகரத்துத் தேவாலயம் ஒன்றில், பிளாக் பாந்தர் கட்சியார் கறுப்பினக் குழந்தைகளுக்கு இலவசமாகக் காலை உணவு அளிக்கத் தொடங்கினார்கள். அது விரைவில் பல நகரங்களுக்குப் பரவிற்று. அரசாங்கத்தின் திட்டம் 1975இல் நிரந்தரமாயிற்று. தமிழ்நாட்டில், மதிய உணவில் முன்னரே பெரும் அனுபவம் பெற்றிருந்த அரசு, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டத்தை 1,545 தொடக்கப் பள்ளிகளுக்காகத் தொடங்கி, மறு வருஷம் ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கிற்று. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் அக்குழந்தைகளின் தட்டுக்கு வருகின்றன.

இத்திட்டத்தின் உயர்வை முழுமனத்தோடு போற்றும் நாம், அதற்காக விடியுமுன் எழும் சுய உதவிக் குழுப் பெண்களையும் அதே மனத்தோடு எண்ண வேண்டும். ரொட்டித் தொழிலாளர்களின் போராட்டம் நமக்குக் கற்பிப்பது இதுவே: பிறருக்குக் காலையில் உணவு கிடைப்பதற்காக எழுபவர்களின் கூலியும் ஓய்வும் பிறரின் கருணைக்கு விடப்பட்டால் அவை நிலைப்பதில்லை, சட்டமாகவும் பொதுக் கடமையாகவும் ஏற்கப்பட்டால் மட்டுமே நிலைக்கின்றன.

உலகத்தின் காலை ஆகாரங்கள் பல. அவற்றின் சுவையும் நிறமும் எண்ணிறந்தவை. ஆயினும் யாவற்றுக்கும் பின்னால் இரவில் நடந்த வேலை ஒன்று உண்டு. அதைத் தணலிடமும் நுண்ணுயிரிடமும் ஒப்புவிக்க அறிந்த சமூகங்கள் மனிதரின் தூக்கத்தை ஓரளவு காத்தன. யந்திரத்திடம் ஒப்புவித்தவை அதைக் காத்து, பக்குவத்தின் மீதிருந்த உரிமையைப் பெரும்பாலும் இழந்தன. பெண்களிடமும் கூலியாட்களிடமும் சுமத்தி அவர்களை மறந்தவை அநீதி செய்தன. இனிக் காலை உணவைப் பற்றி எழுதுவோர், தட்டில் உள்ளதை விவரிப்பதோடு நில்லாமல், அது எந்த மணிக்கு, யாரால், என்ன கூலிக்கு ஆயத்தமாயிற்று என்பதையும் சேர்த்து எழுதுவார்களானால், உணவு நூல்கள் சமூக சரித்திரத்தின் சிறந்த ஆதாரங்களாக விளங்கும். அந்த வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளைக் கொண்டே ஒரு சமூகத்தின் நாகரிகத்தை மதிப்பிடுவதும் தகும்.